ஊர்தியில் ஒலித்த பாட்டும் ஒலிக்காத பெயரும்
(பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு)

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாய் விளங்கியவை. 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. நிர்வாகக் கோடுகள் இவ்வாறு மாறி மாறி வரையப்பட்டாலும், இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த பழைய வேறுபாடு ஒன்று மாறவேயில்லை. அரியலூர் இருப்புப்பாதை ஊர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் பாதை 1929 முதல் அதனைத் தொட்டுச் செல்கிறது. பெரம்பலூர் நகருக்கோ இருப்புப்பாதை கிடையாது. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையே அதன் உயிர்நாடி. எனவே பெரம்பலூருக்குள் வந்து சேர்ந்த பொருள்கள் யாவும், பாட்டு உட்பட, சாலை வழியாகவே வந்தன.

சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் வந்து நிற்கும் வேன்களும், சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் புறப்படும் வாடகை வண்டிகளும் நிறைந்த வட்டாரம் இது. இவற்றுள் பாட்டில்லாத வண்டி அரிது. கடந்த அரை நூற்றாண்டில் தமிழ்ப் பாட்டு மிகுதியாகக் கேட்கப்பட்ட அரங்கு எது என வினவினால், சபாக்களின் மேடையையும் திரையரங்கையும் விட, ஓடும் ஊர்தியின் உட்புறம் என்றே விடை கூற வேண்டியிருக்கும். அவ்வரங்கில் பாட்டு எவ்வாறு வந்து சேர்ந்தது, வரும் வழியில் எதை இழந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர்களாகிய நமக்கு அவ்விழப்பில் நேரடியான தொடர்பு உண்டு.

படியெடுத்தலும் பெயர் காத்தலும்

பாட்டைப் படியெடுப்பது இம்மண்ணுக்குப் புதிய தொழில் அன்று. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய மைந்தரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஐயரவர்களின் இளமைக் காலம் அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடமும் செங்குணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டதை அவரது தன்வரலாறு விரிவாகச் சொல்கிறது. கிருஷ்ணையரின் பாடல்கள் தந்தையின் நாவழியாக மைந்தருக்கு வந்து, பின்னர் அவராலேயே நூலேறின. வாய்மொழி, ஏடு, அச்சு என்னும் மூன்று வழிகளும் ஒரே குடும்பத்துள் கூடிய அரிய நிகழ்ச்சி அது. அவ்வழி முழுவதிலும் பாட்டோடு அதனை இயற்றியவர் பெயரும் சேர்ந்தே வந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

பெயரைக் காப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி எளியது, உறுதியானது. பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டனர். திருஞானசம்பந்தரின் பதிகங்களில் இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பு, பாடியவர் பெயரையும் ஊரையும் சொல்லி முடிவது மரபு. கொள்ளிடக் கரையிலுள்ள நம் திருமழபாடிக்கு அவர் பாடியருளிய பதிகங்களும் இம்மரபினவே. கீர்த்தனை உலகில் இதனையே முத்திரை என்பர். தியாகராசர் கீர்த்தனையை யார் பாடினும், எங்கே பாடினும், தியாகராசர் பெயர் அதனின்று நீங்காது. ஏட்டின் தலைப்பு செல்லரித்துப் போனாலும், படியெடுப்போன் மறந்து விட்டாலும், பாட்டு உள்ளவரை பெயரும் உண்டு.

திரைப்பாட்டுக்கு இவ்வசதி இல்லை. அது கதைமாந்தர் ஒருவரின் வாய்மொழியாக அமைய வேண்டியது. வயலில் உழுபவனாகத் திரையில் தோன்றுபவன் பாடும் பாட்டில், எழுதியவர் தம் பெயரைப் பொறிக்க இயலாது. ஆகவே திரைக்கவிஞனின் பெயர் பாட்டுக்கு வெளியே, படத்தின் எழுத்தோட்டத்திலும் இசைத்தட்டின் முகப்புத்தாளிலும் பாட்டுப் புத்தகத்திலும் நின்றாக வேண்டும். அவை உடன் வாரா இடத்தில் பெயரும் வாராது. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், பின்வரும் வரலாறு முழுதும் விளங்கும்.

இசைத்தட்டும் வானொலியும்

எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். பெர்லினர் 1887-இல் தட்டையான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். இந்தியாவில் 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு பதிவாயிற்று. தமிழகத்தில் நாடக மேடைப் பாடல்கள் தட்டுகளாகி, கிட்டப்பா, சுந்தராம்பாள் குரல்களைச் சிற்றூர்வரை கொண்டு சென்றன. இவற்றை வாங்கும் வசதி செல்வர் சிலருக்கே இருந்தது. ஏனையோர்க்குத் திருவிழாவிலும் திருமணத்திலும் கட்டப்படும் 'மைக் செட்' வாயிலாகவே இசைத்தட்டு எட்டியது.

1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது. வானொலி நமக்குச் செய்த நன்மைகளுள் ஒன்று இன்று போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. பாட்டை ஒலிபரப்புமுன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் ஆகியோரோடு பாட்டை எழுதியவர் பெயரையும் சொல்லும் நல்வழக்கம் அங்கே இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் அவ்வழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தனர். எழுத்தறியாதவரும் பட்டுக்கோட்டையார், கண்ணதாசன், மருதகாசி என்னும் பெயர்களை அறிந்திருந்தமைக்கு அவ்வறிவிப்புகளே பெருங்காரணம் எனலாம்.

மருதகாசி இவ்வட்டாரத்தின் பெருமைக்குரியவர். 1920-இல், இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள மேலக்குடிகாட்டில் பிறந்தவர். 1949-இல் 'மாயாவதி' படத்தின் வழியாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்து, நான்கு பத்தாண்டுகள் எழுதி, 1989-இல் மறைந்தார். 'மக்களைப் பெற்ற மகராசி' (1957), 'விவசாயி' (1967) ஆகிய படங்களுக்கு அவர் எழுதிய உழவர் பாடல்களை அறியாத தமிழ்ச் செவி இல்லை. உழவனின் மாட்டையும் மண்ணையும் விளைச்சலையும் இவ்வளவு இயல்பாகப் பாட அவரால் முடிந்தது, அவர் உழவர் நாட்டில் பிறந்ததனாலேயாம்.

ஒலிநாடாக் காலம்

ஊர்தியில் பாட்டுக் கேட்கும் முயற்சி மேலைநாடுகளில் 1930-களிலேயே வானொலிப் பெட்டியோடு தொடங்கியது. 1956-இல் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டுப் பார்த்தது. குலுங்கும் வண்டியில் ஊசி நிற்குமா? அம்முயற்சி நீடிக்கவில்லை. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கையடக்க ஒலிநாடாப் பேழையே இச்சிக்கலைத் தீர்த்தது. 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்த நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட்டம். ஊசியில்லை, பள்ளத்தில் வண்டி இறங்கினாலும் பாட்டு தாவுவதில்லை. 1968 முதல் அது கார்களிலும் இடம்பெற்றது.

1980-களில் இந்தியாவெங்கும் ஒலிநாடா பெருகியது. அதற்கு முன் பாட்டு வெளியீடு பெருநிறுவனம் ஒன்றிரண்டின் கையிலேயே அடங்கியிருந்தது. ஒலிநாடா வந்தபின் சிறு வெளியீட்டாளர் பலர் தோன்றினர். திரைப்பாட்டோடு வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவும், வில்லிசையும், பட்டிமன்றமும், நாட்டுப்புறப் பாட்டும் பேழைகளாயின. 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராசாவின் இசை தமிழ்நாட்டின் ஒவ்வொரு பேருந்திலும் ஒலித்ததற்கு இக்கருவியே வாகனமாயிற்று.

பேருந்து நிலையத்தை அடுத்த தெருக்களில் 'ரெக்கார்டிங் சென்டர்' என்னும் கடைகள் முளைத்ததும் இக்காலத்தில்தான். வாடிக்கையாளர் ஒருவர் தாம் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை வெற்று நாடாவில் பதிந்து தருவார். அறுபது நிமிட நாடாவெனில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாடல்கள். தொண்ணூறு நிமிடமெனில் பத்து. இப்படிப் பதிவது சட்டப்படி சரியா என்னும் வினா அன்று யார் மனத்திலும் எழவில்லை. ஆயினும் இலக்கிய நோக்கில் அது ஒரு தொகுப்புப் பணி என்பதை மறுக்க இயலாது. எதை முதலில் வைப்பது, எதன் பின் எது வருவது என்று எண்ணி எண்ணித் தேர்ந்தெடுத்தவன், தன்னளவில் ஒரு தொகையாசிரியனே.

பெயர் மறையத் தொடங்கியதும் இங்கேதான். நிறுவனம் வெளியிட்ட பேழையின் உள்தாளில் பாடலாசிரியர் பெயர் பெரும்பாலும் அச்சாகியிருந்தது. கடையில் பதிந்த பேழையின் தாளிலோ கோடுகள் மட்டுமே இருந்தன. அக்கோடுகளில் பாட்டின் முதற்சொற்களை எழுதுவர். இடமிருந்தால் படத்தின் பெயரை எழுதுவர். கவிஞன் பெயருக்கு இடம் வாய்த்ததில்லை. இதனினும் ஆழமான மாற்றம் ஒன்றும் உடன் நிகழ்ந்தது. 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' என்னும் வகையான தலைப்புகள் நிலைபெற்றன. பட்டுக்கோட்டையாரும் கண்ணதாசனும் மருதகாசியும் வாலியும் எழுதிய கருத்துகள், திரையில் வாயசைத்தவரின் தத்துவமாயின. நடிகர்மீது மக்கள் கொண்ட அன்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அன்பின் மிகுதியில் உழைத்தவன் பெயர் மறைந்தது என்பதே நாம் சுட்டுவது.

குறுந்தகடும் வீட்டில் 'எழுதிய' தகடும்

1982-இல் சப்பான் நாட்டில் முதல் குறுந்தகட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. 1984-இல் காருக்கான கருவியும் வந்துவிட்டது. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள அத்தகட்டில் ஒலி அலை எண்களாக மாற்றிப் பொறிக்கப்படுகிறது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்க இருநிலை எண்ணாக, வலம் இடம் என இரு தடங்களில் எழுதுகின்றனர். நொடிக்கு ஏறத்தாழ 14 இலட்சம் எண்குறிகள். லேசர் கதிர் அவற்றைப் படிக்கிறது. முதலில் 74 நிமிடமும் பின்னர் 80 நிமிடமும் ஒரு தகட்டின் கொள்ளளவாயின.

ஆலையில் அச்சிட்ட தகடு நம் ஊர்களுக்கு நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. நிலையை மாற்றியது வெற்றுத் தகடு. 1988-இல் சப்பானில் உருவான அத்தகட்டில் பள்ளங்களுக்குப் பதிலாக ஒரு சாயப்பூச்சு உண்டு. வலிமை மிக்க லேசர் அதனைச் சுட்டு அடையாளமிடும். மேலைநாட்டார் அச்செயலை 'எரித்தல்' என்றனர். நம் கடைக்காரர்கள் அவ்வாறு சொல்லவில்லை. 'சி.டி. ரைட் செய்து தரப்படும்' என்றே பலகை எழுதினர்; கணிப்பொறியில் பொருத்திய கருவியைச் 'சி.டி. ரைட்டர்' என்றனர். எழுதுதல் என்னும் சொல் நம்மவர்க்கு உவப்பானது போலும். பாட்டெழுதியவன் பெயரில்லாத தகடுகளைப் பல்லாயிரமாய் வெளியிட்ட பொறிக்கு 'எழுத்தாளன்' என்று பெயர் வாய்த்தது காலத்தின் நகை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணிப்பொறி நிலையங்களும் கணிப்பொறிப் பயிற்சிக் கூடங்களும் சிற்றூர்களில் பரவின. நொய்டாவைச் சேர்ந்த மோசர் பேயர் நிறுவனம் வெற்றுத் தகடுகளை உள்நாட்டிலேயே பெருமளவில் செய்ததால் விலை வீழ்ந்தது. ஒலிநாடாவைப் பதிந்து தந்த கடைகளே தகடு எழுதித் தரும் கடைகளாக மாறின. நாடாவில் ஒரு மணி நேரப் பாட்டைப் பதிய ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. பதிபவர் பாட்டைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. தகடோ சில நிமிடங்களில் எழுதப்பட்டது. கேளாமலே படியெடுக்கும் காலம் அப்போதுதான் பிறந்தது.

சுருக்க ஒலி

தகட்டின் கொள்ளளவைப் பன்மடங்காக்கியது எம்.பி.3 என்னும் சுருக்க முறை. செருமானிய நாட்டு எர்லாங்கனில் உள்ள பிரான்கோபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்கைன்சு பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் இதனை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றினர். 1993-இல் அனைத்துலகத் தரமாக வெளியான இம்முறைக்கு 1995 சூலையில் 'எம்.பி.3' என்னும் கோப்புப் பெயர் சூட்டப்பட்டது.

இதன் அடிப்படை மனிதச் செவியின் இயல்பே. ஒரே நேரத்தில் வலிய ஒலியும் மெலிய ஒலியும் அண்மைச் சுருதிகளில் எழுந்தால், வலியது மெலியதை மறைத்துவிடுகிறது. தவில் முழங்கும்போது அருகில் இருப்பவர் முணுமுணுப்பது கேளாததை ஒப்பது இது. கேளாததை எழுதி வைப்பானேன் என்று அதனை நீக்கிவிட்டால் கோப்பு சிறுக்கிறது. நொடிக்கு 14 இலட்சம் எண்குறிகள் தேவைப்பட்ட இடத்தில் 1,28,000 போதும். பதினொன்றில் ஒரு பங்கு. குறுந்தகட்டில் ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து கோடியே முப்பது இலட்சம் பைட்டு வேண்டும், எம்.பி.3-இல் 48 இலட்சம் பைட்டு. பதினாறு பாடல்கள் கொண்ட தகட்டில் நூற்றைம்பது பாடல்கள் அடங்கின. பெரம்பலூரில் ஏறிய பாட்டு, சென்னை சென்று திரும்பும்வரை ஒருமுறைகூட மீளாது ஒலிக்கலாம்.

மிகக் குறைந்த அளவுக்குச் சுருக்கினால் ஜால்ரா போன்ற கூரிய ஒலிகள் மங்கும் என்று இசையறிஞர் குறை கூறுவர். அது மெய்யே. எனினும் லாரியின் எஞ்சின் இரைச்சலும் சாலையின் ஓசையும் அக்குறையை மறைத்துவிட்டன. மெலிய ஒலியை வலிய ஒலி மறைக்கும் என்ற கொள்கையால் பிறந்த கோப்புக்கு, அதே கொள்கையால் ஊர்தி உகந்த இடமாயிற்று. மேலும், சுருங்கிய கோப்பாதலின், கருவி தன் சிறு நினைவகத்தில் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் பாட்டின் அளவு மிகுந்தது. குண்டும் குழியுமான சாலையில் லேசர் தடம் மாறினாலும் பாட்டு அறுபடாதிருக்க அது உதவியது.

தகடு வண்ணப் பேனாவால் எழுதிய தலைப்போடு வண்டிக்குள் வந்தது. 'டி.எம்.எஸ். 150', 'சோகம்', 'ஐயப்பன்', 'மெலடி' என்பன போன்று ஒற்றைச் சொல்லே அடையாளம். நூற்றைம்பது பாடல்களின் பெயரை எழுத அதன்மேல் இடமேது?

128 பைட்டுகளில் இடமில்லாதவன்

பெயர் எழுதத் தகட்டின்மேல் இடமில்லை எனினும் கோப்புக்குள் இடம் உண்டு. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஒவ்வோர் எம்.பி.3 கோப்பின் இறுதியிலும் 128 பைட்டு அளவுள்ள ஒரு குறிப்புச் சீட்டை ஒட்டும் முறையை வகுத்தார். அதன் பெயர் ஐ.டி.3. அச்சீட்டின் பங்கீடு இது: தொடக்க அடையாளத்துக்கு 3; பாட்டின் தலைப்புக்கு 30; கலைஞர் பெயருக்கு 30; தொகுப்பின் பெயருக்கு 30; ஆண்டுக்கு 4; பிற குறிப்புக்கு 30; பாட்டின் வகைக்கு 1. கூட்டினால் 128.

இப்பட்டியலில் பாட்டை எழுதியவனுக்கு இடமில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பாடுபவரே எழுதி, அவரே இசையமைக்கும் மேலைநாட்டு வழக்கத்தை மனத்திற் கொண்டு வகுத்த சீட்டு அது. எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் ஒருவர் என நால்வர் கூடி ஆக்கும் தமிழ்த் திரைப்பாட்டு அதில் அடங்கவில்லை. 'கலைஞர்' என்னும் ஒரே கட்டத்தில் நம்மவர் பாடகர் பெயரையோ இசையமைப்பாளர் பெயரையோ இட்டனர். நடிகர் பெயரை இட்டவரும் உண்டு.

தமிழ் எழுத்துக்கும் அச்சீட்டில் இடமில்லை. அது ஐரோப்பிய எழுத்துகளுக்காக வகுத்தது. இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்ளும். அக்கணக்கில் 'பெரம்பலூர்' என்னும் ஊர்ப் பெயர் 10 குறிகளால் 30 பைட்டு. கட்டம் அத்தோடு நிரம்பிவிடும். 'அரியலூர்' 24 பைட்டு. 'பட்டுக்கோட்டை' 39 பைட்டு. கல்யாணசுந்தரத்தின் ஊர்ப் பெயரே கட்டத்துக்குள் நுழையாதெனின், அவர் பெயர் எங்கே நுழைவது?

1998-இல் வந்த இரண்டாம் வகைச் சீட்டு இக்குறையைக் களைந்தது. இசையமைத்தவர்க்குத் தனிக் கட்டமும், பாடலாசிரியர்க்குத் தனிக் கட்டமும் அதில் உண்டு. நீளத்துக்கும் முன்போல் நெருக்கடி இல்லை. ஆனால் இடம் கிடைத்த பின்னும் அதனை நிரப்புவார் இல்லை. நம் வட்டாரத்து வண்டிகளில் ஒலித்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் பாடலாசிரியர் கட்டம் வெற்றிடமாகவே இருந்தது. ஆதலின் கருவியின்மேல் குறை சொல்லி நாம் தப்ப முடியாது.

இதற்கு மாறான ஒரு சான்றும் அதே வண்டிகளில் நாள்தோறும் ஒலித்தது. காலையில் வண்டியை எடுக்கும் ஓட்டுநர் பலர் முதலில் வைப்பது சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம். அதுவும் நாடாவாகி, தகடாகி, சுருக்கக் கோப்பாகி, பெயர்ச்சீட்டில்லாமல் பல கை மாறி வந்ததே. ஆயினும் அதனை இயற்றிய தேவராய சுவாமிகளின் பெயர் மறையவில்லை. அவர் தம் பெயரைக் கவசத்துக்குள்ளேயே அமைத்துவிட்டார். திருக்கடைக்காப்பு மரபின் வலிமை இதுவாகும். அதே தகட்டில் அடுத்து ஒலிக்கும் மருதகாசியின் உழவர் பாட்டுக்கு அக்காவல் இல்லை. அவர் பிறந்த மேலக்குடிகாட்டுச் சாலையிலேயே அப்பாட்டு ஒலித்துச் சென்றாலும், இது இவ்வூரார் எழுதியது என்று அறிவிக்க அவ்வண்டியில் எதுவும் இல்லை.

சட்டத்தின் நிலை

பெயரைக் காக்கச் சட்டம் என்ன செய்தது என்பதையும் காண வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரும் தகுதியைப் படைத்தவனுக்கு அளிக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அத்தகுதி அவனைவிட்டு நீங்காது. இது கோட்பாடு. நடைமுறை வேறு. 1984-இல் சேர்க்கப்பட்ட 52-ஏ பிரிவு, வெளியிடப்படும் ஒலிப்பதிவின்மீது குறிக்க வேண்டியவை மூன்று என்கிறது: பதிவைத் தயாரித்தவர் பெயர் முகவரி, பதிப்புரிமை உடையவர் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு. பாட்டை எழுதியவர் பெயர் அம்மூன்றனுள் இல்லை. 128 பைட்டுச் சீட்டு மறந்தவனை, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே சட்டமும் மறந்திருந்தது.

பொருள் வகையிலும் கவிஞர் நிலை இரங்கத்தக்கதே. 1977-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தயாரிப்பாளர் பொருள் கொடுத்து எழுதுவித்த திரைப்பாட்டுக்கு அவரே முதல் உரிமையாளர் ஆனார். எழுதியவர்க்கு ஒருமுறை பெற்ற ஊதியத்தோடு சரி. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கவிஞர் சாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடியதும் துணைசெய்ய, 2012-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் சமபங்கு உரிமைத்தொகை உண்டு என்றும், அவ்வுரிமையை எழுதிக் கொடுத்துவிட இயலாது என்றும் அச்சட்டம் விதித்தது. மருதகாசி, கண்ணதாசன், பட்டுக்கோட்டையார் எவரும் அதனைக் காண இருக்கவில்லை.

கள்ளத் தகடுகளை ஒடுக்கத் தமிழக அரசு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திரைத்திருட்டையும் சேர்த்தது. தயாரிப்பாளரின் முதலீட்டைக் காக்க அது வேண்டப்பட்டதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முறைப்படி வாங்கிய பாட்டிலும் கவிஞன் பெயர் உடன் வராவிடில், கள்ளத் தகட்டுக்கும் நல்ல தகட்டுக்கும் கவிஞனைப் பொறுத்தவரை வேறுபாடு என்ன?

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் ஏது, பாட்டு மக்களுடையதானபின் பெயர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாட்டுப்புறப் பாட்டைத் தலைமுறைதோறும் பலர் திருத்திப் பாடுகின்றனர். ஆதலின் அது பலர்க்கும் உரியது. திரைப்பாட்டை எவரும் திருத்துவதில்லை. கவிஞன் வைத்த சொல் அப்படியே நிற்கிறது. அவன் சொல் முழுவதையும் வைத்துக்கொண்டு அவன் பெயரை மட்டும் விட்டுவிடுவதை மக்கள்மயமாதல் என்று சொல்வது பொருந்தாது.

தகடும் கடந்தது

வீட்டில் எழுதிய தகட்டின் ஆட்சி நீடித்தது பத்தாண்டுகளே எனலாம். விரலளவு நினைவுக்குச்சியும் கைப்பேசியின் நினைவட்டையும் அதனை வென்றன. தகடு எழுதிய கடைகள் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை மாற்றின. பிறகு அதற்கும் தேவை குன்றிற்று. 2017-இல் எம்.பி.3 உரிமத் திட்டத்தைப் பிரான்கோபர் நிறுவனம் முடித்துக்கொண்டது. வெற்றுத் தகட்டைப் பரப்பிய மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. புதிய கார்களில் தகடு நுழைக்கும் வாயே இல்லை. இணையத்திலிருந்து நேரே பாட்டு இறங்குகிறது. திரையில் முழுப் பெயரும் காட்டப் போதிய இடமுண்டு. அங்கும் முதலில் தோன்றுவது பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயருமே. கவிஞனைத் தேடித்தான் காண வேண்டும்.

இவ்விடத்தில் நம் வட்டத்துக்கு உரிய ஒரு கடமையை நினைவூட்ட விரும்புகிறேன். திரைப்பாட்டின் நிலையே இதுவெனில், நம் போன்றோரின் கவியரங்கப் பதிவுகளின் நிலை என்ன? இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த கவியரங்குகளும் பட்டிமன்றங்களும் நூல் வெளியீடுகளும் ஒலிநாடாவிலும் தகட்டிலும் பதிவாயின. அவை அன்பர்கள் இல்லங்களில் பரணிலும் அலமாரியிலும் கிடக்கின்றன. கார்க்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வெந்தவையும் உண்டு. ஒளியும் வெப்பமும் சாயப்பூச்சைச் சிதைக்கும். ஆலையில் அச்சிட்ட தகட்டின் ஆயுள் வீட்டில் எழுதிய தகட்டுக்கு இல்லை. செல்லுக்கு இரையாகுமுன் ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் நடந்த மண் இது. அன்று அவர்க்கிருந்த அவசரம் இன்று நமக்கும் உண்டு. திரைப்பாட்டு எங்கேனும் ஒரு படி எஞ்சும். உள்ளூர்க் கவிஞரின் குரலுக்கு அந்த ஒரு தகடே படி.

ஆதலின் மூன்று பணிகளை முன்மொழிகிறேன். முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள கவியரங்க நாடாக்களையும் தகடுகளையும் கொணர்ந்து, இயங்கும் நிலையில் உள்ளபோதே படியெடுக்கச் செய்தல். ஒரு படியை வட்டத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைத்தல். இரண்டாவது, அக்கோப்புகளின் பாடலாசிரியர் கட்டத்தில் கவிஞர் பெயரையும் ஊரையும் நாளையும் தமிழிலேயே எழுதுதல். மூன்றாவது, நம் விழாக்களில் ஒலிபெருக்கியில் எப்பாட்டு ஒலித்தாலும், வானொலியார் காட்டிய வழியில், எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டே ஒலிக்கச் செய்தல். இவற்றுக்குப் பொருட்செலவு பெரிதில்லை.

சம்பந்தர் தம் பெயரைத் தாமே பாட்டில் வைத்தார். மருதகாசிக்கு அது இயலவில்லை. அவர் பெயரை வைக்க வேண்டியவர்கள் கேட்கும் நாமே. அடுத்த விழாவின் தொடக்கத்தில் அவருடைய உழவர் பாட்டு ஒன்றை, மேலக்குடிகாடு மருதகாசி இயற்றியது என்னும் அறிவிப்போடு ஒலிக்கச் செய்து இப்பணியைத் தொடங்குவோமாக.